முந்தின வாரம் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்?

ஒரு கோடையில் எங்கள் ஊரில் பதினோரு நாள் தண்ணீர் வரவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் தண்ணீர் வராதது பெரிய சேதி இல்லைதான், ஆனாலும் பதினோரு நாள் என்பது எங்களுக்கே அதிகம். போர்வெல் தண்ணீரைக் குடிக்க முடியாது, ஃபுளோரைடு. அதைக் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி, அது நின்றால் எல்லாமே நின்ற மாதிரி. பன்னிரண்டாம் நாள் காலையில் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் மறியலில் உட்காருவது என்று பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் டீக்கடை வாசலில், ஊரில் பொறுப்பில் இருந்த ஒருவர் சொன்னார்: "தண்ணி ஏன் வரலைன்னு நினைக்கறீங்க? பக்கத்து ஊர்க்காரன் வால்வைத் திருகி வெச்சிருக்கான்." அவ்வளவுதான் சொன்னார். ராத்திரி எட்டு மணிக்கு ஏழெட்டு வண்டிகளில் ஆட்கள் கிளம்பிப் போனார்கள். ரெண்டு பேருக்கு மண்டை உடைந்தது, ஸ்டேஷனில் ரெண்டு தரப்பு மேலும் கேஸ் ஆனது. காலையில் மறியல் நடக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பிறகுதான் தெரிந்தது, ரெண்டு ஊருக்கும் பொதுவான சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்து போயிருந்தது. அதை ரிப்பேர் செய்ததாகச் செலவுக் கணக்கு இருந்தது, ரிப்பேர்தான் நடக்கவில்லை. பக்கத்து ஊருக்கும் அந்தப் பதினோரு நாளும் தண்ணீர் இல்லை. அவர்களும் எங்களைப் போலவே டிராக்டர் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள்.

இதில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது ஒரு விஷயம். அந்த ஆள் சொன்னது முழுப் பொய் கிடையாது. அதற்கு முந்தின வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் நிஜமாகவே ஒருமுறை வால்வைத் திருகியிருக்கிறார்கள், வாய்ச்சண்டை வந்து, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். பழைய புண் ஒன்று ஆறாமல் இருந்தது. அதனால்தான் "அப்படியா, போய்ப் பார்த்தாயா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சரி, இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே வேலையை ஒரு நாட்டின் அளவில் ஒரு அரசாங்கம் செய்வது உண்டு, அதற்கு அரசியல் படிப்பில் 'திசைதிருப்பும் போர்' என்ற மாதிரி ஒரு பெயர் இருக்கிறது. உள்ளூரில் மக்கள் ஆட்சியாளர்மேல் கோபமாக இருக்கிறார்கள்: விலைவாசி, வேலையில்லை, ஊழல், காணாமல் போன பிள்ளைகள், எதுவாகவும் இருக்கலாம். அந்தக் கோபத்தைத் தீர்க்க அவருக்கு முடியவில்லை, அல்லது மனசு இல்லை. அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவரைக் காட்டி, "நம் கஷ்டத்துக்குக் காரணம் அவன், இப்போது நாம் ஒன்றாக நிற்க வேண்டிய நேரம்" என்று சொல்லிவிட்டால், தன் பக்கம் வந்துகொண்டிருந்த கோபம் அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்பது கணக்கு. போர் வரைக்கும் போக வேண்டும் என்றுகூட இல்லை. எல்லையில் படையைக் கொண்டுபோய் நிறுத்துவது, தூதரகத்தின் முன்னால் கூட்டம் சேர்ப்பது, தினமும் டிவியில் எதிரியைப் பற்றியே பேசுவது, எல்லாம் இதே குடும்பம்தான்.

இது ஏன் பலிக்கிறது? ஜார்ஜ் சிம்மல் என்கிற ஜெர்மன் சமூகவியலாளர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதைப் பற்றி யோசித்திருக்கிறார். 1956-ல் லூயிஸ் கோசர் என்கிற இன்னொரு சமூகவியலாளர் அதை எடுத்து இன்னும் தெளிவாக்கினார். அவர்கள் சொன்னது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வரப்புத் தகராறில் பத்து வருஷமாகப் பேசாத பங்காளிகள், வெளியாள் ஒருவன் வந்து அந்த நிலத்தில் கல் நட்டால் அன்றைக்கு ராத்திரியே ஒரே திண்ணையில் உட்காருவார்கள். வெளியில் ஆபத்து என்றால் உள்ளே ஒற்றுமை வரும். ஆனால் கோசர் இதற்கு ஒரு நிபந்தனை போட்டார், பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்: அந்தக் குடும்பம் ஏற்கெனவே ஒரு குடும்பமாக இருக்க வேண்டும், வந்த ஆபத்து எல்லோருக்குமான ஆபத்து என்று எல்லோரும் நம்ப வேண்டும். அது இல்லாவிட்டால் வெளிச்சண்டை உள்ளே இருக்கிற விரிசலை இன்னும் அகலமாக்கிவிடும். பங்காளிகளில் ஒருவனே அந்த வெளியாளுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்தவன் என்று தெரிந்தால் திண்ணையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பழக்கம் தேர்தல் நடக்கிற நாடுகளிலும் உண்டு, நமக்கு அது தெரியாததும் இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ்ஷுக்கு ஆதரவு காலப் கருத்துக்கணிப்பில் 90 சதவீதத்தைத் தொட்டது. அங்கே அவர் யாரையும் திசைதிருப்பவில்லை, தாக்கியது வேறு ஆட்கள், ஆனால் வெளியிலிருந்து அடி விழுந்தால் தலைவருக்குப் பின்னால் கூட்டம் எவ்வளவு வேகமாகச் சேரும் என்பதற்கு அது ஒரு அளவு. நம் பக்கம், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். பல்லும் எலும்பும் கெட்டுப்போகிற மக்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற திட்டம் அது. 2008-ல் கர்நாடகத்தில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த மாதங்களில் அது ரெண்டு மாநிலச் சண்டையாகச் சூடாகி, அந்தத் தேர்தல் முடியட்டும் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி ஏப்ரலில் வேலையை நிறுத்தி வைத்தார். தேர்தல் முடிந்தது, சூடும் குறைந்தது, 2013-ல் தண்ணீர் வந்தது. 2016 செப்டம்பரில் காவிரிக்காக பெங்களூருவில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது, மாநில எல்லையில் அத்திப்பள்ளிக்கும் ஜுஜுவாடிக்கும் நடுவே குழந்தைகளையும் பைகளையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடந்துவந்ததை ஓசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்தின நாள் வரைக்கும் ரெண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கம்பெனியில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். 'நாம்', 'அவர்கள்' என்று பிரிய ஒரு சாயங்காலம் போதும்.

அப்படியானால் சர்வாதிகார ஆட்சியை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்? எங்கள் ஊர் ஆள் அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தோற்றுப் போனார். மோட்டார் விஷயம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓட்டு கேட்டு வந்தபோது நாலு பெண்கள் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். ஒரு உள்ளூர் நிருபர் அந்தக் கணக்கை எழுதினார், ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். கோபம் தன் வழியைத் தேடிப் போய்ச் சேர்ந்தது, தாமதமாகத்தான், ஆனாலும் சேர்ந்தது. இதை ஏரியை வைத்து யோசித்தால் சுலபமாகப் புரியும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போக வேண்டும், அதற்கென்று கோடி என்று ஒரு இடம் விட்டிருப்பார்கள். தேர்தல், பத்திரிகை, கோர்ட்டு, மறியல், சங்கம் எல்லாம் அந்தக் கோடிதான். சர்வாதிகாரி முதலில் செய்கிற வேலையே கோடியை அடைப்பது. அடைத்த பிறகும் மழை பெய்துகொண்டுதானே இருக்கும்? தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது, எங்கே உடையும் என்று அவருக்கே தெரியாது, அரண்மனைப் பக்கம் உடையாமல் இருந்தால் போதும் என்று கரையை அடுத்தவன் கொல்லைப் பக்கமாக வெட்டிவிடப் பார்க்கிறார். "இந்தப் பக்கம் ஏன் வெட்டுகிறாய்?" என்று கேட்கிறவனுக்கு உடனே ஒரு பெயர் தயாராக இருக்கும், தேசத்துரோகி.

இதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் அர்ஜென்டினா. நானும் அதையே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் இந்த விஷயத்தின் எல்லா முகமும் இருக்கிறது, இதை எளிதாகப் புரிந்துகொள்வதில் இருக்கிற ஆபத்தும் இருக்கிறது.

1976 மார்ச்சில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள், திரும்பி வர மாட்டார்கள், எங்கே என்று கேட்டால் அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்பார்கள். மாணவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், கர்ப்பிணிப் பெண்கள் வரை. பின்னால் அமைந்த விசாரணைக் குழு ஏறத்தாழ 9,000 பேரைப் பெயரோடு பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்கிற எண்ணிக்கை 30,000. 1977 முதல் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு தலைநகர் புவெனஸ் ஐரிஸில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே இருக்கிற மே சதுக்கத்தில் வாராவாரம் சுற்றி நடந்தார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் சொன்னதால் நடந்தார்கள். 1978-ல் உலகக் கோப்பைக் கால்பந்து அங்கேயே நடந்து, அர்ஜென்டினாவே ஜெயித்தது. இறுதி ஆட்டம் நடந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்த கடற்படைப் பள்ளிதான் மிகப் பெரிய சித்திரவதைக் கூடம், உள்ளே அடைபட்டிருந்தவர்களுக்கு வெளியே கூட்டம் கத்துவது கேட்டிருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை.

1981 முடியும்போது பொருளாதாரம் படுத்துவிட்டது. விலைவாசி ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். டிசம்பரில் லியோபோல்டோ கால்டியேரி என்ற ஜெனரல் தலைமைக்கு வந்தார். 1982 மார்ச் 30-ந் தேதி தொழிற்சங்கங்கள் கூப்பிட்ட ஊர்வலம் "சோறு, அமைதி, வேலை" என்று கேட்டுக்கொண்டு மே சதுக்கத்தை நோக்கி வந்தது, போலீஸ் கண்ணீர்ப்புகையும் தடியுமாக அடித்துக் கலைத்தது, ஏராளமான பேரைக் கைது செய்தது.

மூன்றே நாள். ஏப்ரல் 2-ந் தேதி அர்ஜென்டினா ராணுவம் ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கியது. அவர்கள் அதை மால்வினாஸ் என்பார்கள். மொத்தமே 1,800 பேர் வசித்த, ஆடு மேய்க்கிற தீவுகள். 1833 முதல் பிரிட்டன் கையில் இருப்பவை. அது எங்களுடையது என்று அர்ஜென்டினாவில் ஒவ்வொரு குழந்தையும் பள்ளிக்கூடத்தில் படிக்கும், நம் பிள்ளைகள் இந்திய வரைபடத்தைப் பார்த்துப் பழகுவதைப் போல. எங்கள் ஊர் வால்வு மாதிரி, அந்தப் புண் நிஜமானது. அதனால் அதே மே சதுக்கம், மூன்று நாள் முன்னால் தடியடி நடந்த அதே சதுக்கம், கொடியோடு வந்த ஜனங்களால் நிரம்பியது. 10-ந் தேதி கால்டியேரி மாடியில் நின்று, அவர்கள் வருவதென்றால் வரட்டும், சண்டை போடுவோம் என்றார். கீழே கரகோஷம்.

மே மாதம் டிவியில் ஒரு முழு நாள் நிதி திரட்டும் நிகழ்ச்சி நடத்தினார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், கல்யாண மோதிரத்தைக்கூட. பள்ளிக் குழந்தைகள் சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கே தீவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கட்டாயச் சேவைக்கு எடுக்கப்பட்ட 19 வயதுப் பையன்கள், குளிர்காலத்துக்குத் தக்க உடுப்போ சரியான சாப்பாடோ இல்லாமல் பதுங்கு குழிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியாது, ஏனென்றால் பத்திரிகைகள் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்றே எழுதின. ஜூன் 13-ல் ஸ்பெயினில் அடுத்த உலகக் கோப்பை தொடங்கியது, மரடோனா ஆடிய அர்ஜென்டினா முதல் ஆட்டத்திலேயே பெல்ஜியத்திடம் தோற்றது. மறுநாள், ஜூன் 14-ல், தீவில் இருந்த படை சரணடைந்தது. அர்ஜென்டினா தரப்பில் 649 பேர் செத்திருந்தார்கள், பிரிட்டன் தரப்பில் 255 பேர். கால்டியேரி சில நாட்களில் பதவி இழந்தார். 1983 அக்டோபரில் தேர்தல் நடந்து மக்களாட்சி திரும்பியது. அந்தப் போரால் அரசியல் லாபம் அடைந்தவர் எதிர்ப்பக்கத்தில் இருந்த மார்கரெட் தாட்சர், 1983 தேர்தலில் பெரிய வெற்றி.

மார்ச் 30, ஏப்ரல் 2 என்ற ரெண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்ததும் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருக்கிறது, இல்லையா? நானும் பல வருஷம் இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தீவில் இறங்குவது என்ற முடிவை ராணுவத் தலைமை எடுத்தது மார்ச் 26-ந் தேதி, ஊர்வலத்துக்கு நாலு நாள் முன்னால். திட்டம் போட ஆரம்பித்தது அதற்கும் சில மாதம் முன்னால், கடற்படைத் தளபதி அனாயா பல காலமாக அதிலேயே குறியாக இருந்தவர். மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவில் ஒரு தகராறு வந்து, பிரிட்டன் கப்பல்களை அனுப்புவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்தது. ஆக, ஊர்வலத்தைப் பார்த்துப் பயந்து மூன்று நாளில் படை அனுப்பினார்கள் என்பது தப்பு. நாட்டில் வருஷக்கணக்காக ஊறிக்கொண்டிருந்த வெறுப்பு அந்த ஜெனரல்களின் கணக்கில் இருந்தது என்பது வேறு, அதை நான் நம்புகிறேன். ஆனால் அது ஒன்றே காரணம் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை.

இதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் சண்டை போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். ஜாக் லெவி 1989-லேயே இந்தக் கோட்பாட்டை நிறுத்தி விசாரித்தார்: தனித்தனி சரித்திரக் கதைகளைப் படித்தால் எல்லாம் திசைதிருப்பல் போலத் தெரிகிறது, பல நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தால் உள்நாட்டுக் கொந்தளிப்புக்கும் வெளிப்போருக்கும் நேரான தொடர்பு சிக்குவதில்லை, ஏன் என்று. காரணம் யோசித்தால் தெரியும். ஊரில் கலவரம் வரும் என்று பயப்படுகிறவருக்கு ராணுவம் ஊரிலேயே தேவை, எல்லைக்கு அனுப்பிவிட்டு அரண்மனைக்கு யாரைக் காவல் வைப்பார்? தோற்றால் தலை போகும். துப்பாக்கி கொடுத்து அனுப்பிய படையே திரும்பி வந்து தன்னைக் கவிழ்க்கலாம். சீனாவைப் பாருங்கள், 1959-ல் திபெத்தில் கிளர்ச்சி, அதோடு பெரும் பஞ்சம். அந்தச் சில வருஷங்களில் பர்மா, நேபாளம், மங்கோலியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று வரிசையாக எல்லைத் தகராறுகளைப் பேசி முடித்துக்கொண்டது. உள்ளே நெருப்பு என்பதால் வெளியே சமாதானம். 1962-ல் நம்மோடு போருக்கு வந்ததும் அதே சீனாதான், அதனால் ஒரே சூத்திரத்தில் எதையும் அடக்க முடியாது.

தோல்வியில் முடிந்த கதைகள் இன்னும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கிரேக்கத்தில் 1973 நவம்பரில் பாலிடெக்னிக் மாணவர்கள் எழுச்சியை டாங்கிகளை விட்டு நசுக்கிய ராணுவ ஆட்சி, 1974 ஜூலை 15-ல் சைப்ரஸில் கை வைத்து அங்கே ஆட்சியைக் கவிழ்த்தது. 20-ந் தேதி துருக்கி படையோடு சைப்ரஸில் இறங்கியது, அந்த வாரத்துக்குள் கிரேக்க ராணுவ ஆட்சியே விழுந்துவிட்டது. சைப்ரஸ் இன்றைக்கும் ரெண்டாகக் கிடக்கிறது. ரஷ்யாவில் புரட்சியைத் தடுக்க "ஒரு சின்ன, ஜெயிக்கிற போர்" தேவை என்று உள்துறை அமைச்சர் பிளேவே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதை எழுதி வைத்தது அவருக்கு ஆகாத விட்டே என்ற இன்னொரு அமைச்சர் என்பதால் நிஜமாகச் சொன்னாரா என்பதில் சந்தேகம் இருக்கிறது, போர் வந்தது மட்டும் நிஜம். 1904-ல் ஜப்பானோடு. அது சின்னதாகவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. 1905 ஜனவரியில் மனு கொடுக்க ஊர்வலமாக வந்த தொழிலாளர்களை ஜார் மன்னரின் படை சுட்டது, மே மாதம் சுஷிமா கடற்போரில் ரஷ்யாவின் கப்பற்படை அழிந்தது, அந்த வருஷமே முதல் ரஷ்யப் புரட்சியின் வருஷமாகிவிட்டது.

உகாண்டாவை ஆண்ட இடி அமீனைப் பற்றி நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர் ரெண்டு மாதிரியும் செய்தார். 1972-ல் உகாண்டாவின் கஷ்டத்துக்கெல்லாம் இந்திய வம்சாவளிக் கடைக்காரர்கள்தான் காரணம் என்று 90 நாள் கெடு வைத்துத் துரத்தினார், அப்போது அங்கே பலர் கைதட்டினார்கள், கடைகளை ராணுவத்துக்கு வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள், சீக்கிரத்தில் கடையில் சாமானே இல்லை. உள்ளே இருந்த 'வெளியாள்' தீர்ந்து போனபிறகு, 1978 அக்டோபரில், சொந்தப் படைக்குள்ளேயே கலகம் கிளம்பியிருந்த நேரத்தில், பக்கத்து நாடான தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் அவர் படை நுழைந்தது. தான்சானியா திருப்பி அடித்தது. 1979 ஏப்ரலில் தலைநகர் கம்பாலா விழுந்தது, அமீன் ஓடிப்போனார்.

இப்படித் தோற்ற கதைகளையே கேட்டால் "கடைசியில் மாட்டிக்கொள்கிறார்களே" என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி கூடாது. பலித்த இடங்களும் உண்டு. 2011 கடைசியிலும் 2012-லும் மாஸ்கோவில் தேர்தல் மோசடி என்று பல்லாயிரம் பேர் பனியில் நின்று போராடினார்கள். புடினுக்கு ஆதரவு சரிந்து, 2014 தொடக்கத்தில் லெவாடா என்ற சுயேச்சை கருத்துக்கணிப்பில் 65 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மார்ச்சில் உக்ரைனிடமிருந்து கிரிமியாவை எடுத்துக்கொண்டதும் 80-க்கு மேல் போய், வருஷக்கணக்கில் அங்கேயே நின்றது. போலீஸ் கதவைத் தட்டக்கூடிய ஒரு நாட்டில் கருத்துக்கணிப்புக்கு ஜனங்கள் எவ்வளவு மனம் திறந்து பதில் சொல்வார்கள் என்ற கேள்வி இருக்கிறது. ஆனாலும் 2018-ல் ஓய்வூதிய வயதை உயர்த்தியபோது அதே எண்ணிக்கை திரும்ப 60-களுக்கு இறங்கியது, ஆக அந்த அளவுகோல் வெறும் பயத்தை மட்டும் அளக்கவில்லை. கிரிமியாவை எடுத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, உக்ரைனில் அப்போது நடந்த ஆட்சி மாற்றம், கடற்படைத் தளம் எல்லாம். ஆனால் கிடைத்த லாபம் கண்முன்னால் இருக்கிறது, கிடைத்த லாபத்தை ஒருவர் மறக்க மாட்டார்.

எனக்கு இதையெல்லாம்விட மனசை உறுத்துகிற உதாரணம் எரித்திரியா. நம் பத்திரிகைகளில் அந்தப் பெயரே வராது. முப்பது வருஷம் போராடி 1993-ல் எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை பெற்ற சின்ன நாடு, செங்கடல் ஓரம். 1997-ல் அரசியல் சாசனம் எழுதி ஒப்புதலும் கொடுத்தாகிவிட்டது. 1998-ல் எத்தியோப்பியாவோடு எல்லைப் போர் வந்தது, 2000 வரை நடந்தது, பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். போர் முடிந்த பிறகும் "எதிரி வாசலில் நிற்கிறான்" என்ற பேச்சு முடியவில்லை. எதிரி இருக்கிறான், அதனால் சாசனம் அமலுக்கு வராது. எதிரி இருக்கிறான், அதனால் தேர்தல் கிடையாது. விடுதலை பெற்றதிலிருந்து அதே இசையாஸ் அஃபெவெர்கிதான் அதிபர். எதிரி இருக்கிறான், அதனால் சட்டப்படி 18 மாதம் என்று இருக்கிற கட்டாயத் தேசியச் சேவை முடிவே இல்லாமல் நீளும், இருபது வயதில் போனவன் நாற்பது வயதிலும் அதே சேவையில் இருப்பான், கொடுப்பது கைச்செலவுக்குக் காணாது. இதிலிருந்து தப்பிக்கச் சின்னப் பிள்ளைகள்கூடப் பாலைவனத்தையும் மத்தியதரைக் கடலையும் தாண்டப் பார்த்து வழியிலேயே செத்துப்போகிறார்கள். 2018 ஜூலையில் எத்தியோப்பியாவோடு சமாதானம் கையெழுத்தானது. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சேவை மட்டும் நிற்கவில்லை, சாசனமும் வரவில்லை.

எதிரி எதற்காக வைத்துக்கொள்ளப்பட்டிருந்தான் என்பது அந்த எதிரி போன பிறகுதான் தெரிந்தது.

சரி, அன்றாடம் செய்தி பார்க்கிற நாம் இதை எப்படி அடையாளம் காண்பது? எங்கோ ஒரு நாட்டில் எல்லையில் திடீரென்று பதற்றம் என்று செய்தி வந்தால் நான் ஒரு காரியம் செய்வேன். அந்த நாட்டில் முந்தின வாரம், முந்தின மாதம், முந்தின வருஷம் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தேடிப் பார்ப்பேன். பெட்ரோல் விலையா, வங்கி திவாலா, சிறையில் இருக்கிற யாரோ ஒருவரா? பிறகு, அந்தப் பேச்சு இப்போது எங்கே போயிற்று என்று பார்ப்பேன். தானாக அடங்கியதா, இல்லை "இது அதற்கான நேரமா?" என்று யாராவது அடக்கினார்களா? அர்ஜென்டினாவில் தேதியை வைத்து நானே ஏமாந்தேன் என்பதால், தேதி பொருந்தியதும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்றும் பழகிக்கொண்டேன். இந்தச் சண்டையில் யாருடைய பிள்ளை முன்னால் போகிறான், யாருடைய கணக்கு கேட்கப்படாமல் போகிறது என்று ரெண்டையும் பார்த்துவிட்டுத்தான் ஏதாவது சொல்வேன்.

வகுப்பில் ஒரு பெண், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வருகிறவள், அவள் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னிடம் கேட்டாள்: "சார், ஒருவேளை அந்தச் சண்டை நியாயமானதா இருந்தா? மண்ணு நிஜமாவே நம்மளுதா இருந்தா? அப்பவும் கேள்வி கேட்டுட்டே இருக்கணுமா, அது நம்ம ஆளுங்களுக்குத் துரோகம் இல்லையா?" ரொம்ப நல்ல கேள்வி. அப்பாவை எல்லைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்த ஒரு பெண் கேட்கிற கேள்வி. என் வாயில் உடனே பதில் வரவில்லை, அந்த அம்மாக்களைப் பற்றிச் சொன்னேன்.

1982 ஏப்ரலில் நாடே கொடி பிடித்து நின்றபோது, மே சதுக்கத்து அம்மாக்களுக்குப் பெரிய இக்கட்டு. போரை எதிர்த்தால் துரோகி. ஆதரித்து வாயை மூடினால் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோன அதே ஜெனரல்களுக்குக் கைதட்டினதாக ஆகும். மால்வினாஸ் தங்களுடையது என்று அவர்களும் நம்பினவர்கள்தான், அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே. அவர்கள் வழக்கம்போல வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு அதே சதுக்கத்துக்குப் போனார்கள், கையில் பிடித்த பதாகையில் இப்படி எழுதியிருந்தது:

"மால்வினாஸ் அர்ஜென்டினாவுடையது. காணாமல் போனவர்களும்தான்."